சுழலும் தட்டும் சுவைஞர் தீர்ப்பும்

ஒரு பொருளைச் செய்து கடையில் வைத்தவுடன் செய்தவன் வேலை முடிந்துவிடுகிறது. வாங்கியவர்களின் வேலை அதன் பிறகே தொடங்குகிறது. எடுத்துப் பார்த்தல், பழையதோடு ஒத்துப் பார்த்தல், அண்டை வீட்டாரிடம் புகழ்தல், அடுத்த தெருவாரிடம் குறை கூறுதல் ஆகிய யாவும் கூடித்தான் அப்பொருளுக்கு ஒரு நிலையான பெயரை உண்டாக்குகின்றன. செய்தவன் இட்ட பெயர் உறையின்மேல் இருக்கும். வாங்கியவர் இட்ட பெயரே ஊரில் நிற்கும்.

அமெரிக்க நாட்டில் 'டிஸ்க் கால்ஃப்' என்றொரு விளையாட்டு உண்டு. சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையொன்றை நோக்கி வட்டமான தட்டை எறிந்து, மிகக் குறைந்த எறிகளில் அதனுள் விழச் செய்வதே ஆட்டம். 1957ஆம் ஆண்டில் ஃபிரெட் மாரிசன் என்பவர் அமைத்த பறக்கும் தட்டை வாம்-ஓ என்னும் கம்பெனி விற்கத் தொடங்கிற்று. 1970களில் எட் ஹெட்ரிக் என்பவர் சங்கிலிக் கூடையை அமைத்து இவ்வாட்டத்திற்கு உருக்கொடுத்தார். 1983ஆம் ஆண்டில் டேவ் டனிபேஸ் என்பவர் விளிம்பைச் சரிவாக அமைத்த தட்டு வெளிவந்தது. அதன் பின்னர்த் தட்டுகள் முன்னினும் விரைந்தும் நெடுந்தொலைவும் பறக்கலாயின. இன்று பல கம்பெனிகள் புதுப்புதுத் தட்டுகளை வெளியிட்ட வண்ணம் இருக்கின்றன. ஒவ்வொன்று வெளிவரும்போதும் அன்பர்கள் கூடி, விளிம்பின் கனத்தையும் பிளாஸ்டிக்கின் பிடிப்பையும் எடைபோட்டு, பழைய அச்சே மேல் என்றும் புதியதே சிறந்தது என்றும் வாதாடுகின்றனர்.

இதைக் கேட்டு நேயர் சிலர் நகைக்கக் கூடும். ஒரு தட்டுக்காகவா இத்தனை வாதம் என்று தோன்றும். ஆனால் ஒரு கம்பெனி வெளியிட்ட தட்டைச் சுற்றி மக்கள் கூடித் தீர்ப்பளிப்பது நம்மவர்க்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் காலத்தில் சித்தூரிலும் திருப்பதியிலும் இதே வழக்கு நாள்தோறும் நடந்தது. அவர்கள் வாதாடியது எறியும் தட்டைப் பற்றியன்று. பாடும் தட்டைப் பற்றி. அந்த இசைத்தட்டுகளின் கதையையும், அவற்றைக் கேட்டோர் அளித்த தீர்ப்பின் வலிமையையும் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அரக்கில் பிறந்த பாட்டு

ஒலியைத் தட்டையான வட்டில் பதிக்கும் முறைக்கு எமில் பெர்லினர் என்பவர் 1887ஆம் ஆண்டில் உரிமை கோரினார். பதினைந்து ஆண்டுகளுக்குள் அக்கருவி நம் நாட்டிற்கு வந்து சேர்ந்தது. 1902ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஃபிரெட் கைஸ்பர்க் என்பவர் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். அக்காலத்தில் தட்டுகள் ஜெர்மனிக்குச் சென்று அங்கே அச்சாகி மீள வேண்டியிருந்தன. மொழியறியாத தொழிலாளி எந்தத் தட்டு எவருடையது என்று தெரிந்துகொள்ள அந்த அறிவிப்பு உதவிற்று. 1908ஆம் ஆண்டில் கல்கத்தாவிலேயே ஆலை ஏற்பட்ட பின் அந்த அலைச்சல் தீர்ந்தது.

அந்நாளைய தட்டு அரக்கினால் ஆனது. மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் உண்டாக்கும் அரக்கைச் சுத்தம் செய்து, கற்பொடியும் கரியும் கலந்து, சூடாக அச்சில் அழுத்தி எடுப்பர். உலகில் பல நாடுகளின் தட்டுகளுக்கு நம் நாட்டுக் காடுகளின் அரக்கே சென்றது. பத்தங்குலத் தட்டு ஒரு நிமிடத்தில் எழுபத்தெட்டு முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். பெட்டிக்குக் கைப்பிடியால் சாவி கொடுக்கவேண்டும். எஃகு முள்ளை ஒரு பக்கம் பாடி முடிந்ததும் மாற்றவேண்டும். மாற்றாமல் இரண்டாம் பாட்டுக்கும் அதையே வைத்தால் தட்டின் வரி தேய்ந்து கரகரக்கும். முள் டப்பா வைத்திருப்பதே அந்நாளில் வசதியுள்ள வீட்டின் அடையாளமாக இருந்ததாம்.

குரு மறுத்தார், சீடர் பாடினார்

மூன்று நிமிடம் என்பது கம்பெனிக்கு ஓர் அளவு; வித்துவானுக்கோ அது ஒரு சிறை. ஓர் இராகத்தை ஒரு மணி நேரம் விரிப்பவரை மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொன்னால் என்ன செய்வார்? சிலர் சுருக்கிப் பாடினர். சிலர் வேகத்தைக் கூட்டினர். சிலர் மறுத்தேவிட்டனர்.

மறுத்தவர்களுள் தலையாயவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. லய நுட்பத்தில் ஈடிணையற்றவர் என்று இசையுலகம் போற்றிய அவர், 1934ஆம் ஆண்டில் மறையும் வரை தம் குரலைத் தட்டில் பதிக்க இசையவில்லை. அதனால் அவர் எவ்வாறு பாடினார் என்பதை இன்று ஒருவராலும் கேட்டறிய இயலாது. கேட்டவர் சொல்லக் கேட்டவர் எழுதியதே நமக்கு எஞ்சியிருக்கிறது.

அவருடைய தலைமாணாக்கர் நம் மாவட்டத்தின் பெயரையே தம் பெயரோடு தாங்கிய சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1954ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றவர். குரு மறுத்த தட்டைச் சீடர் ஏற்றார். ஆனந்தபைரவியில் அவர் பாடிய 'மதுரா நகரிலோ' என்னும் தெலுங்குப் பாட்டின் தட்டு தென்னாடெங்கும் பரவி அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. பாட்டு தெலுங்கு, பாடிய முறை காஞ்சிபுரத்து வழி, பெயரில் சித்தூர், கேட்டவர் பலர் தமிழர். இரு மொழிக்கும் நடுவே குடியிருக்கும் நம் போன்ற குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான தட்டு வேறொன்று உண்டோ?

குரு செய்தது சரியா, சீடர் செய்தது சரியா என்று இரசிகர்கள் நெடுநாள் வாதாடியிருப்பர். கலையின் மதிப்பை எண்ணி மறுத்தவர் குரு. எட்டாத வீட்டையும் எட்டவேண்டும் என்று இசைந்தவர் சீடர். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் பின்வந்த நமக்கு ஒருவர் குரல் இருக்கிறது. மற்றவர் குரல் இல்லை.

சன்னலோரத்துச் சபை

கம்பெனிகள் திங்கள்தோறும் புதிய தட்டுகளின் பட்டியலை அச்சிட்டு வெளியிடும். படமும் பாட்டின் முதலடியும் தட்டின் எண்ணும் அதில் இருக்கும். இரசிகர்கள் எண்ணை மனப்பாடமாகச் சொல்லுவர். நாய் ஒன்று புனலின் முன் அமர்ந்து கேட்கும் படம் போட்ட தட்டை 'நாய் மார்க்' என்று எழுத்தறியாதவரும் அறிவர். சென்னையில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை வெளியிட்டது. நாய் மார்க் வீடு, ஓடியன் வீடு என்று கட்சி கட்டியவர்களும் உண்டு.

சித்தூரில் மூத்த அன்பர் சிலர் தம் தந்தையார் சொல்லக் கேட்டதை நமக்குச் சொன்னார்கள். தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் போதும். மாலையில் சன்னலோரத்தில் ஒரு சபை கூடிவிடும். புதிய தட்டு வந்த நாளில் கூட்டம் இரட்டிக்கும். முதன்முறை பாடும்போது எவரும் பேசார். இரண்டாம் முறை தீர்ப்புத் தொடங்கும். 'சரணத்தை விழுங்கிவிட்டார்' என்பார் ஒருவர். 'நேரில் கேட்டால் இதில் பாதி கூட இல்லை' என்பார் மற்றொருவர். 'நேரில் கேட்கச் சென்னைக்குப் போக யாரிடம் காசு இருக்கிறது?' என்பார் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் சொல்லுக்கு மறுமொழி இராது.

கிட்டப்பாவின் தட்டும் கே. பி. சுந்தராம்பாளின் தட்டும் நாடகக் கொட்டகையைக் காணாதவர்க்கும் நாடகத்தைக் கொணர்ந்தன. பின்னர் 1952ஆம் ஆண்டில் வெளிவந்த 'பராசக்தி'யின் வசனம் தட்டில் வந்தபோது, திருமண வீடுகளின் ஒலிபெருக்கியில் பாட்டோடு வசனமும் முழங்கிற்று. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த பிள்ளைகள் பலர் அடுக்குமொழித் தமிழை அவ்வாறே முதலில் செவியுற்றனர். 1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் தோன்றிற்று. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது; சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக் கோடு ஊரைப் பிரித்தது. தட்டுக்கு அந்தக் கோடு தெரியாது.

கம்பெனி பணிந்த கதை

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி எல். பி. என்னும் நெடுந்தட்டை வெளியிட்டது. அரக்குக்கு மாறாக வினைல் என்னும் பிளாஸ்டிக்; எழுபத்தெட்டுக்கு மாறாக நிமிடத்திற்கு முப்பத்து மூன்றேகால் சுற்றும் சற்றுமே; ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேற்பட்ட இசை. கீழே விழுந்தால் எளிதில் உடையாது. இரைச்சலும் குறைவு. இத்தனை நன்மையுள்ள பொருளை யார் வேண்டாமென்பார் என்றே செய்தவர்கள் எண்ணியிருப்பர்.

நம் நாட்டில் வேண்டாமென்றவர் பலர். காரணம் மூடத்தனமன்று. வீட்டிலிருப்பது சாவி கொடுக்கும் பெட்டி. புதிய தட்டுக்கு மின்சாரப் பெட்டி வேண்டும், ஊரிலோ மின்சாரமில்லை. பழைய பெட்டியின் எஃகு முள்ளைப் புதிய தட்டின்மேல் வைத்தால் அதன் மெல்லிய வரிகள் ஒரே நாளில் பாழாகும். ஆகவே மக்கள் தம் பழைய தட்டுகளையே கேட்டு வாங்கினர்.

இதன் விளைவு வியக்கத்தக்கது. மேனாடுகளில் எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டு 1960ஐ ஒட்டி வழக்கொழிந்தது. இந்தியாவிலோ அதன் பின்னரும் பல ஆண்டுகள் அது அச்சாயிற்று. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டுகள் 1960களின் நடுவில் இங்கே எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டில் வெளிவந்தன. அவர்கள் நாட்டிலேயே கிடைக்காத அத்தட்டுகளை இன்று உலகெங்கும் உள்ள சேகரிப்போர் தேடித் திரிகின்றனர். சாவி கொடுக்கும் பெட்டியை விடமாட்டோம் என்ற எளிய மக்களின் உறுதிக்குப் பெரிய கம்பெனி பணிந்தது. வாங்குவோரின் தீர்ப்புக்கு எத்துணை வலிமை உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மலையடிவாரத்து விடியல்

நெடுந்தட்டை மறுத்த மக்களை அதன்பால் ஈர்த்தவற்றுள் ஒன்று நம் திருப்பதியைச் சார்ந்தது. 1963ஆம் ஆண்டில் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய 'வேங்கடேச சுப்ரபாதம்' எச். எம். வி. நெடுந்தட்டாக வெளிவந்தது. அம்மையாரின் மகள் இராதா விசுவநாதன் உடன் பாடினார். சுப்ரபாதம், தோத்திரம், பிரபத்தி, மங்களம் என்னும் நான்கு பகுதிகளும் சேர்ந்து எழுபது சுலோகங்கள் கொண்டது அந்நூல். முதற்சுலோகம் வான்மீகியின் இராமாயணத்திலிருந்து எடுத்தது. இயற்றியவர் பிரதிவாதி பயங்கரம் அண்ணா என்னும் காஞ்சிப் பெரியார். ஏறத்தாழ இருபது நிமிடம் தொடர்ந்து ஓதவேண்டிய இதனை மூன்று நிமிடத் தட்டில் அடக்குவதெங்ஙனம்? துண்டு துண்டாக வெட்டினால் துதியாகுமா? நெடுந்தட்டு எதற்கு என்று கேட்டவர்க்கு அந்த இருபது நிமிடம் விடை கூறிற்று.

அத்தட்டுக்கு இரசிகர் அளித்த தீர்ப்பை எவரும் தனியே எழுதி வைக்கவேண்டுவதில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விடியற்காலையில் வீடுகளிலும் கடைகளிலும் அது ஒலித்துக்கொண்டிருப்பதே தீர்ப்பு. பின்னர் வேறு பலர் நன்றாகவே பாடி வெளியிட்டனர். ஆயினும் 'சுப்ரபாதம் போடு' என்று வீட்டில் பெரியவர் சொன்னால் அது எவர் குரல் என்று கேட்பாரில்லை. அதன் வருவாயை அம்மையார் தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்கே அளித்தார். 1980ஐ ஒட்டித் தேவஸ்தானத்தின் முயற்சியால் 'பாலாஜி பஞ்சரத்னமாலா' என்னும் ஐந்து நெடுந்தட்டுகளும் அவர் குரலில் வெளிவந்தன. அன்னமாசாரியரின் கீர்த்தனங்கள் தமிழ் வீடுகளிலும் வேரூன்ற அவை பெரிதும் துணை நின்றன. இன்று திருப்பதி நகரில் அம்மையாரின் சிலை தம்பூராவோடு அமர்ந்திருப்பதை நேயர் கண்டிருப்பர்.

தட்டு மறைந்ததும் மீண்டதும்

அதன்பின் நாடாப் பேழை வந்தது, குறுந்தகடு வந்தது. தட்டுகள் பரணேறின. கிராமபோன் கம்பெனியும் 2000ஆம் ஆண்டில் 'சரிகம' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2017ஆம் ஆண்டில் அக்கம்பெனி 'கார்வான்' என்னும் பெட்டியை வெளியிட்டது. பழைய வானொலிப் பெட்டியின் உருவம். உள்ளே ஐயாயிரம் பாட்டுகள். தமிழ்ப் பாட்டுகளுக்கும் தனிப் பெட்டி வந்தது.

உடனே பழைய சன்னலோரத்துச் சபை மீண்டும் கூடிற்று எனலாம். 'பொத்தானை அமுக்கினால் போதும், கண் தெரியாத எனக்கு இதுவே நல்லது' என்றார் நம் குடியிருப்பில் ஒரு பாட்டியார். 'ஐயாயிரத்திலும் நான் தேடும் பாட்டு இல்லையே' என்றார் அவர் தமையனார். பெரிய நகரங்களில் இளைஞர்கள் வினைல் தட்டுகளையே மீண்டும் தேடி வாங்குகின்றனர். கம்பெனிகளும் பழைய தட்டுகளை மறுபடி அச்சிட்டு வெளியிடுகின்றன. 'ஒலி முன்போல் இல்லை' என்று முதியவரும், 'உறை அழகாயிருக்கிறது' என்று இளைஞரும் அவற்றுக்குத் தீர்ப்பளிக்கின்றனர். எழுபத்தெட்டுச் சுற்றுக் காலத்து வாதங்கள் சொல் மாறாமல் திரும்பி வந்திருக்கின்றன.

நாம் செய்யவேண்டுவது

இரசிகர் தீர்ப்புக்கு வலிமை உண்டு என்றோம். வலிமையுள்ள இடத்தில் பொறுப்பும் வேண்டும். புதியது என்பதற்காக ஒன்றை இகழ்தலும், பெயர் பெற்ற கம்பெனி என்பதற்காக ஒன்றைப் புகழ்தலும் நடுநிலையாகா. முழுதும் கேட்ட பின்னரே குறை கூறவேண்டும். குறை பாட்டிலா, தட்டிலா, நம் வீட்டு முள்ளிலா என்பதையும் ஆராயவேண்டும்.

நாம் புகைவண்டித் துறையில் எழுத்தராக இருப்பதால், ஊர் மாறிச் செல்லும் குடும்பங்களின் சாமான் பட்டியல்கள் பல நம் கண்முன் வந்து போகின்றன. கட்டில் இருக்கும்; தையல் இயந்திரம் இருக்கும்; குளிர்பெட்டி இருக்கும். தட்டுப் பெட்டி என்று எழுதிய பட்டியலைக் காண்பது மிக அரிது. அவை எங்கே போயின என்று கேட்டால், 'பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டோம்' என்பர். அந்தப் பெட்டியில் சித்தூர்ப் பிள்ளையின் தட்டு இருந்ததா, கிட்டப்பா இருந்தாரா என்பதை அறிவார் இல்லை. எடைக்குப் போன தட்டோடு, அதைக் கேட்டுத் தாத்தா சொன்ன சொல்லும் போயிற்று. நாயனாப் பிள்ளையின் குரல் அவர் விருப்பத்தால் நமக்குக் கிட்டாமற் போயிற்று. பரணில் இருப்பவை நம் சோம்பலால் போகலாகாது.

ஆதலால் நேயர்களுக்குச் சில வேண்டுகோள்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது, புத்தகம் போல் நிறுத்தி வையுங்கள். இவ்வூர்க் கோடையில் ஓட்டுக் கூரையின் கீழ்ப் பரணில் வைத்தால் அவை வளைந்துவிடும்; நிழலான அலமாரிக்கு மாற்றுங்கள். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரையும். மென்துணியால் தூசி தட்டினால் போதும். எஃகு முள்ளை நெடுந்தட்டின்மேல் ஒருபோதும் வைக்காதீர்கள். தட்டின் பெயரையும் எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, யார் வாங்கியது, எந்த ஊரில் வாங்கியது, வீட்டுப் பெரியவர் அதைப் பற்றி என்ன சொல்லுவார் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். பாட்டு வேறெங்கேனும் கிடைக்கலாம். அந்தக் குறிப்பு உங்கள் வீட்டில் மட்டுமே கிடைக்கும்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர் நாம். நிலத்தைச் சுருட்டிக்கொண்டு வர இயலவில்லை. குரலைச் சுழலும் தட்டில் கொண்டு வந்தோம். சங்கத்தில் கூடும் மாலைகளில் வீட்டுக்கு ஒரு தட்டாகக் கொணர்ந்து, பெரியோர் நடுவே ஒலிக்கச் செய்து, பிள்ளைகளையும் உடன் அமர்த்துவோமாக. முதன்முறை அவர்கள் வாய் மூடிக் கேட்கட்டும். இரண்டாம் முறை தீர்ப்பை அவர்களே சொல்லட்டும்.